சப்பாத்தைக் கழற்றச் சொன்னவர்

உலு திராம் கிளினிக்கில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய பெயரைக்கூட நான் கேட்கவில்லை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மெலிந்த உடம்பு, இடது காலில் இரண்டு விரல்கள் இல்லை. சர்க்கரை நோய்க்காகப் புதிதாக வருபவர்களிடம் செருப்பைக் கழற்றி அந்தக் காலைக் காட்டுவது அவர் வழக்கமாம். அன்று என் முறை.

"தம்பி, சப்பாத்த கழட்டுங்க லா, பார்ப்போம்."

"காலுல ஒண்ணும் இல்லண்ணே. வலியே இல்ல."

"எனக்கும் வலிக்கல. அதனாலதான் விரலு போச்சு."

கூச்சத்தோடு காலணியைக் கழற்றினேன். காலுறையில் ரத்தம் ஒட்டியிருந்தது. குதிகாலில் கொப்புளம் உடைந்திருந்தது எனக்குத் தெரியவே இல்லை. அவர்தான் எழுந்து போய்த் தாதியைக் கூட்டி வந்தார். மருந்து போட்டுக் கட்டும்வரை கூடவே நின்றார்.

"தினமும் படுக்கிறதுக்கு முன்ன பாதத்த பாருங்க. குனிய முடியலன்னா கண்ணாடிய கீழ வச்சி பாருங்க."

புண் ஆறிவிட்டது. அவரை அதன்பின் பார்க்கவில்லை. அந்த நாளை நினைத்தால் இன்றும் மனம் இளகுகிறது. கிளினிக்கில் புதியவர் யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால், காலைப் பார்க்கச் சொல்ல வாயெடுப்பேன். வெட்கம் தடுத்துவிடும். அவருக்கு மட்டும் அது எப்படி முடிந்தது?