மிர்யோங் கழற்றிய கதவு

என் மனைவி மிர்யோங், குன்சானில் ஒரு நடுநிலைப் பள்ளியில் மருத்துவ அறை ஆசிரியை. இருபத்திரண்டு வருடமாகப் பரீட்சை நாள் வயிற்றுவலிக்கு மாத்திரையும், பந்து பட்ட விரலுக்குக் கட்டும் அவள் கையால்தான். தவிர, ஒவ்வொரு மார்ச்சிலும் பெற்றோருக்கு ஓர் உரை.

"மூளையில நெத்திப் பக்கம் கடைசியாத்தான் முதிரும், இருபத்தஞ்சு வயசு ஆகும். அதுவரைக்கும் கோபம்தான் முந்திக்கும். நீங்க சும்மா பாத்தாலே முறைக்கிறீங்கன்னு நினைப்பாங்க. பதிலுக்குக் கத்தாதீங்க, பத்து எண்ணுங்க."

பெற்றோர் குறித்துக்கொள்வார்கள்.

இந்த மார்ச்சில் எங்கள் மகள் ஹேவோனுக்குப் பதினான்கு. இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பயந்துதான் எல்லைக்கு வடக்கே இருக்கும் எதிரி நாட்டார் படையெடுப்பதில்லை என்று எங்கள் நாட்டில் சொல்வார்கள்.

ஒரு ஞாயிறு மாலை, "வீட்டுப்பாடம் முடிச்சியா?" என்றாள் மிர்யோங்.

"ஏன் முறைக்கிற?"

"முறைக்கலடி, பாக்குறேன்."

"இதுக்குப் பேருதான் முறைக்கிறது!"

ஹேவோன் தன் அறைக் கதவை அறைந்து சாத்தியதில் சுவர்க் கடிகாரம் சாய்ந்தது. மிர்யோங் எண்ணத் தொடங்கினாள். நான்கு வரை எனக்குக் கேட்டது. பிறகு கேட்டது, ஸ்க்ரூடிரைவர் தேடி அலமாரியை உருட்டும் சத்தம்.

பிள்ளைகளின் அறைக் கதவைக் கழற்றிவிடும் பெற்றோர் எங்கள் அடுக்ககத்திலேயே நாலைந்து பேர். அவர்களை உரையில் தவறாமல் கிண்டல் செய்பவள் இவள்.

"என்னங்க, அந்தப் பக்கம் புடிங்க."

பிடித்தேன். எதிர்த்துப் பேச எனக்கும் நெற்றி முதிரவில்லை. கதவு பால்கனியில் கிம்ச்சி ஊறுகாய் வைக்கும் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் போய்ச் சாய்ந்தது.

ஹேவோன் கத்தவில்லை. அறை வாசலில் போர்வையைத் தொங்கவிட்டாள். பதினோரு நாள் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மிர்யோங் தினமும் பேரிக்காய் நறுக்கி, வழக்கம்போலச் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே நுழைந்து வைத்துவிட்டு வந்தாள். எங்கள் வீடுகளில் அதுதான் மன்னிப்பு. வாயால் கேட்கிற பழக்கமில்லை. தட்டு அப்படியே திரும்பி வரும். அத்தனையையும் நான்தான் தின்றேன். மிர்யோங் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். எனக்கு மனது கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் உரை. "நீங்க பத்து எண்ணுவீங்களா டீச்சர்?" என்று ஒரு தாய் கேட்டாளாம்.

"நாலு வரைக்கும்."

வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் நேரே பால்கனிக்குப் போனாள். இருவருமாகக் கதவை மாட்டினோம். உள்ளே ஹேவோன் தலை நிமிரவில்லை. மிர்யோங் கதவைச் சாத்தினாள், பேரிக்காய் நறுக்கினாள், தட்டோடு வந்து கதவுக்கு முன்னால் நின்றாள். பதினான்கு வருடத்தில் முதல்முறையாக அதை விரலால் தட்டினாள்.

"அம்மா பண்ணது தப்புடி. மன்னிச்சிரு."

அவள் மெல்ல எண்ண ஆரம்பித்தாள். நான்கைத் தாண்டினாள்.

ஏழில் குரல் வந்தது. "பூட்டலம்மா. வா."