சின்னவளின் மேக்கும் பேத்தியின் வேலையும்

காதலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லைப் பிள்ளை. என் பேத்தி வான் வண்டியில் ஏறிப் போனது தன் வேலைக்காக. மருதனார்மடம் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு நிற்கிறேன், ஒருத்தி வந்து என்னிடமே கேட்கிறாள், “என்னணை, பேத்தி வீட்டுச் சட்டையோடை கனடா போயிட்டாளாம், மெய்யோ?” என்று. அவளுக்கு என்னத்தைச் சொல்ல? வெண்டிக்காயை அப்படியே போட்டுவிட்டு வந்துவிட்டேன். உமக்காவது நடந்ததைச் சரியாகச் சொல்கிறேன், இப்படி மதிலோடு வந்து நில்லும்.

கனடாவில் இருக்கிற என் சின்ன மகள் வந்து மூன்று கிழமை நின்றாள் அல்லவா? பேத்தி அவளுடைய தமக்கையின் பிள்ளை. தாய், தகப்பனுக்கு வவுனியாவில் உத்தியோகம். இவள் கொம்பியூட்டர் படித்து முடித்துவிட்டு என்னோடு இங்கே உடுவிலில் இருக்கிறாள். வெளிநாட்டுக் கொம்பனி ஒன்றில் வீட்டில் இருந்தே செய்கிற வேலைக்கு எழுதிப்போட்டு, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, கடைசிப்படிக்கு வந்துவிட்டாள். ஒரு வேலையைச் செய்து காட்டச் சொன்னார்கள். கெடு, சின்னவள் கனடாவுக்குத் திரும்புகிற அதே நாள், பின்னேரம் ஆறு மணி. அது பிழைத்தால் கொழும்பில் அறை எடுத்து வேலை தேடுவதென்று தாயோடு பேசி முடித்துவிட்டாள். அந்த அறைக் கதையைக் கேட்ட நாளில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

எனக்கு எழுத்துத் தெரியாது. கையெழுத்துக்கும் பெருவிரல்தான். அதற்காக, அவள் என்ன செய்கிறாள் என்று கேளாமல் இருப்பேனா?

“இது ஈவென்ட் லூப் அம்மம்மா. ஒரு ஆள் குந்தியிருந்து ஆர் கூப்பிடினம் எண்டு காது குடுத்துக்கொண்டே இருக்கும். கூப்பிட்ட ஆளின்ரை அலுவலைப் பாத்துப்போட்டுத் திரும்ப வந்து குந்தும்.”

“எடியே, அது நானெல்லோ!”

உண்மையைத்தானே சொன்னேன்? கேற் தட்டினால் கேற், குக்கர் கத்தினால் குக்கர், போன் அடித்தால் போன். நாற்பது வருசமாக அதைத்தானே செய்கிறேன். ஒருவரும் எனக்குச் சோதனை வைக்கவில்லை.

அவள் சிரித்துவிட்டுச் சொன்னாள். “ஓம், ஆனால் இது மூண்டு சாதிக் கொம்பியூட்டரிலையும் ஓடோணும். லினக்ஸிலை கூப்பிடுற விதம் வேறை, மேக்கிலை வேறை. அது ரெண்டும் ‘ஆள் வந்திட்டுது, வந்து பார்’ எண்டு சொல்லும். விண்டோஸ் எண்டால், அலுவலை முடிச்சுப்போட்டு ‘முடிஞ்சுது’ எண்டு வந்து சொல்லும். அதாலை எழுதினதை எல்லாம் சேத்து ஓடுற மாதிரிக் கட்டேக்கை ஒவ்வொண்டுக்கும் எது வேணும், எது வேண்டாம் எண்டு பாத்துப் பாத்து ஒப்சன் குடுக்கோணும்.”

“மூண்டுக்கும் பொதுவா ஒண்டு இல்லையோ?”

“இருக்கு, ஒரு பழைய முறை. கூப்பிடுற ஆக்கள் கூடினால் அது திணறும். கொம்பனிக்கு அது வேண்டாமாம்.”

அவளுடைய லப்டொப்பிலேயே லினக்ஸும் விண்டோஸும் இருக்கின்றன. லினக்ஸ் அரை நாளில் முடிந்தது. விண்டோஸுக்கு இரண்டு நாள். ஒரு ஒப்சனைத் திறந்தால் இன்னொன்று பிழை, அதை மூடினால் மூன்றாவது பிழை. பிள்ளை தலைகூட வாரி இழுக்காமல் திரிந்தாள். மிச்சம் மேக். அதற்கு ஊருக்குள் எங்கே போவது? சின்னவள் கொண்டுவந்த பழைய மேக் ஒன்றுதான். அதையும் லேசில் தந்தாளா? “தேத்தண்ணி ஊத்திப்போடாதை, சார்ஜரை இழுக்காதை” என்று ஆயிரம் சொல்லித்தான், போகிற நாளன்று விடியக் கையில் கொடுத்தாள். பின்னேரம் நாலு மணிக்கு விமான நிலையத்துக்குப் போகிற வான்.

பேத்தி முதலில் அந்தப் பொதுவான பழைய முறையைப் போட்டுக் கட்டிப் பார்த்தாள். ஒரு மணித்தியாலம் எடுத்தது. ஓடியது. இனி மேக்கின் சொந்த முறைக்கு மாற்றினால் வேலை முடிந்தது என்று குளித்துச் சாப்பிட்டுவிட்டு, மத்தியானம் திரும்ப வந்து இருந்தாள்.

அதோடு பிடித்தது சனி. அவள் ஒப்சனை மாற்றி, கட்டு என்றால், எல்லாம் சரியாக இருக்கிறது, கட்ட ஒன்றும் இல்லை என்கிறதாம் மெசின். ஓட்டிப் பார்த்தால் அதே பழைய முறை. மறுபடி மாற்றினாள். கட்ட ஒன்றும் இல்லை. எழுத்துக்கு எழுத்துப் பார்த்து மாற்றினாள். கட்ட ஒன்றும் இல்லை. எனக்கே பத்திக்கொண்டு வந்தது. சரியென்றால் ஏன் சரியில்லை? முழுவதையும் அழித்து முதலில் இருந்து கட்டலாம்தான். அதற்கு இன்னொரு மணித்தியாலம் வேண்டும். தன் ஒப்சனில்தான் பிழை என்று நினைத்தபடியால், பிழையோடு கட்டி அந்த நேரத்தையும் தொலைக்கப் பயந்தாள்.

இதற்குள் சின்னவள் கட்டின பெட்டியை மூன்றாம் தரமும் அவிழ்த்து, கருவாட்டை ஒடியல் மாவுக்குக் கீழே வைப்பதா மேலே வைப்பதா என்று நிற்கிறாள்.

“எப்ப தரப்போறாய்? பையிலை வைக்கோணும்.”

“அஞ்சு நிமிசம் சித்தி.”

“உன்ரை அஞ்சு நிமிசம் விடியத் தொடங்கினது.”

மூன்றரைக்கே வான்காரன் வந்துவிட்டான். வந்தவன் சும்மா இருந்தானா? “ஆனையிறவு தாண்டப் பொழுதுபட்டிடும் அம்மா” என்று வாசலுக்கும் வானுக்கும் நடக்கிறான். அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டுத் திரும்புகிறேன், சின்னவள் பேத்தியின் தோளுக்கு மேலால் மேக்கை எட்டிப் பார்த்துச் சொல்கிறாள்:

“ஆ, அங்கை ஆறு மணி. பிள்ளையள் எழும்பியிருக்குங்கள், வெளிக்கிட முந்தி ஒருக்கா எடுத்துக் கதைப்பம்.”

பேத்தி திரும்பினாள். அவள் நேரம் பார்ப்பது தன் போனில் என்றபடியால் மேக்கின் மூலையில் தெரிகிற மணியைக் கவனித்திருக்கவில்லை.

“சித்தி, எதைப் பாத்துச் சொல்லுறியள்?”

“உந்த மூலையிலை கிடக்கு, பார். நீ குளிக்கப் போகேக்கை நான் கனடா நேரம் வைச்சிட்டன்.”

“ஊரை மாத்தினியளோ, மணியை மாத்தினியளோ?”

“உந்த ஊர்ப் பேருகளுக்குள்ளை ஆர் தேடுறது? மணியை ஒன்பதரை மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளிவிட்டன்.”

பேத்தி இரண்டு கையையும் தலையில் வைத்தாள். பிறகுதான் எனக்கு விளங்கப்படுத்தினாள். எது எத்தனை மணிக்கு எழுதினது என்று அந்த மெசின் குறித்து வைக்குமாம். கட்டி முடித்ததைவிடப் புதிதாக எழுதியிருந்தால் மட்டும் மறுபடி கட்டுமாம். இவள் மத்தியானம் மாற்றியதெல்லாம் விடியப்புறம் மூன்று மணிக்கு எழுதியதாகப் பதிந்துவிட்டது. காலையில் கட்டியது அதைவிடப் புதிது. பிறகு எப்படிக் கட்டும்? பிள்ளையின் ஒப்சனில் ஒரு பிழையும் இல்லை.

“என்ன விசர் வேலை சித்தி இது!” என்று கத்தினாள்.

சின்னவள் என்னைப் பார்த்தாள். “அம்மாவைக் கேள். மூண்டு கிழமையா ‘அங்கை என்ன நேரம், அங்கை என்ன நேரம்’ எண்டு என்ரை உயிரை வாங்கினது ஆர்?”

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவுகிற சாட்டில் குசினிக்குள் போய்விட்டேன்.

பேத்தி மணியைச் சரியாக்கி, எல்லாவற்றையும் அழித்து, முதலில் இருந்து கட்ட விட்டாள். அப்போது நாலாக ஐந்து நிமிடம். வான்காரன் ஹோர்ன் அடிக்கிறான். சின்னவள் மேக்கை விட்டுவிட்டுப் போக மாட்டாள். என்ன செய்தாள் தெரியுமோ பேத்தி? திறந்த மேக்கை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, பாத்ரூம் செருப்போடு போய் வானில் ஏறிவிட்டாள்.

“சட்டையை எண்டாலும் மாத்தடி குஞ்சு!”

“வானுக்குள்ளை என்னை ஆர் பாக்கப்போகினம் அம்மம்மா!”

ஆர் பார்க்கப்போகினமாம். ஊரே பார்த்தது.

மகள் போகிற நாளுக்கென்று நான் வைத்திருந்த அழுகையும் அப்படியே நின்றுவிட்டது. “போட்டு வாறன் அம்மா” என்று அவள் கையைக் காட்ட, நான் “குலுக்காமல் கொண்டு போங்கோ!” என்று கத்துகிறேன். மகளைச் சொல்லவில்லை, மேக்கைச் சொன்னேன். இனி எப்போது வருவாளோ, ஒரு கொஞ்சல்கூடக் கொடுக்கவில்லைப் பிள்ளை.

பிறகு போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். கொடிகாமத்தில் இருந்து போன் எடுத்தாள், பாதி முடிந்ததாம், பற்றரியில் கொஞ்சம் மெதுவாம். ஆனையிறவில் முக்கால்வாசி. பிறகு ஒரு சத்தமும் இல்லை. ஐந்தேகாலாச்சு, ஐந்தரையாச்சு. நான் எடுத்தால் குழப்பமோ என்று எடுக்கவும் பயம். கடைசியில் பரந்தன் சந்தியில் இருந்து அடித்தாள்.

“அம்மம்மா, ஓடுது! மேக்கின்ரை முறையிலையே ஓடுது! அனுப்பிட்டன்!”

பக்கத்தில் சின்னவளின் சத்தம்: “இப்ப எண்டாலும் என்ரை கொம்பியூட்டரைத் தாவன்டி!”

அந்தச் சந்தியில் இறங்கி, அதே செருப்போடு யாழ்ப்பாண பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். நேற்றுத்தான் கொம்பனியில் இருந்து பதில் வந்தது. வேலை கிடைத்துவிட்டது பிள்ளை! கொழும்பும் இல்லை, அறையும் இல்லை. என்னோடேயே இருந்து செய்வாள். எனக்கு நேற்று இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிடலாம் போல இருந்தது.

ஆனால் கேளும், இன்று விடியவே வந்து நிற்கிறாள், அது போனிலும் ஓட வேண்டுமாம். போனிலும் இரண்டு சாதி இருக்கிறதாம், அதற்கும் வேறு ஒப்சனாம். “அம்மம்மா, உங்கடை போனை ஒருக்காத் தாங்கோ” என்கிறாள்.

“அதை மட்டும் கேளாதை. சின்னவள் எடுக்கிற நேரம்” என்று இடுப்பில் செருகிக்கொண்டு இங்கே வந்துவிட்டேன். அதற்குள் இதென்ன தண்ணீர்ச் சத்தம்...

ஐயையோ பிள்ளை, அது எங்கள் வீட்டுத் தண்ணீர் டாங்கா வழிகிறது? மோட்டரைப் போட்டுவிட்டல்லவா வந்தேன்! விடும், நிறுத்திவிட்டு வருகிறேன்.