இரண்டு முறை காய்ச்சிய தேன்

அக்காவின் வலது உள்ளங்காலில் கெளுத்தி முள் ஏறியது ஒரு மாசி மாதத்தில். சுனாமி வந்து ஆறேழு வருஷம் கழிந்திருந்தது. இனயம் கடற்கரையில் ஏலத்தில் எடுத்த மீனை அலுமினியச் சருவத்தில் கொட்டியபோது ஒரு கெளுத்தி துள்ளி மணலில் விழ, அவள் அதை மிதித்துவிட்டாள். தானே முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, சருவத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு மேட்டு ஊர்களுக்கு விற்கப் போனாள். சர்க்கரை வியாதி வந்து நாலைந்து வருஷமானதில் காலில் உணர்ச்சி பாதி செத்திருந்தது. வலித்திருந்தால் ஒருவேளை வீட்டில் இருந்திருப்பாள்.

எங்கள் பக்கம் காய்ச்சலோ பல்வலியோ எது வந்தாலும் மருந்துக் கடைக்குப் போய் “கறுப்பும் செவப்பும் ரெண்டு தாங்க” என்று கேட்பது வழக்கம். கேட்டால் கொடுப்பார்கள். கிருமியைக் கொல்லும் அந்தக் குளிகையில் இரண்டு விழுங்கி வலி அடங்கியதும் நிறுத்திவிடுவோம். அக்கா பத்துப் பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான் செய்துவந்தாள். இந்த முறையும் இரண்டு விழுங்கினாள், மறுநாள் இரண்டு. வீக்கம் வற்றினாற்போல இருந்தது. பத்தாம் நாள் செருப்பு கழலவில்லை. ஆஸ்பத்திரியில் செருப்பை வெட்டித்தான் எடுத்தார்கள்.

அப்போது நான் குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் தேன்பெட்டி வேலையில் இருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். கடலில் போனால் வாந்தி வரும், அதனால் கடலும் ஆகவில்லை. லாரியில் கிளீனர், கொச்சியில் ஓட்டல், கல்குவாரி என்று சுற்றிவிட்டுத் தேனீயிடம் வந்து சேர்ந்திருந்தேன். ரப்பரில் புது இலை வரும் மாதங்களில் அதன் காம்பில் கசியும் இனிப்பைத் தேனீ எடுக்கும். அந்தத் தேன் தண்ணீராக இருக்கும். அப்படியே வைத்தால் புளித்துப் பொங்கும். ஆகவே பெரிய வட்டையில் தண்ணீரைக் கொதிக்க விட்டு, அதற்குள் தேன் பாத்திரத்தை இறக்கிச் சூடாக்கி, துணியில் வடித்து அடைப்போம். ஆள் விட்டு ஆள் வந்த செய்தி கேட்டு நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது என் கையில் மெழுகு வாடை இருந்தது.

“வந்தியா” என்றாள் அக்கா, கட்டிலில் கால் நீட்டியபடி. “லே மக்கா, கால்ல மீன் வித்த வாட வருகு. முகத்தத் திருப்பாத.”

அது மீன் வாடை இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

டாக்டர் சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார். மூன்றாம் நாள் காகிதம் வந்தது. ஒரு பக்கம் மருந்துகளின் பெயர், எதிரே ஒரே ஒரு ஆங்கில எழுத்து. ‘ஆர்’ என்று இருந்தால் கிருமி அந்த மருந்துக்கு அடங்காது என்று அர்த்தம். விரலால் இறங்கிக்கொண்டே போனேன். கடைசி வரிக்கு முந்தியது வரை ஆர்.

“ஒரு ஊசிதான் மிச்சம் தம்பி” என்றார் டாக்டர். “அதுவும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அக்காவுக்கு அது ஏற்கெனவே பாதிதான் வேலை செய்யுது. கூடிப்போனா அஞ்சு நாள் போடலாம்.”

“பிறகு?”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். செத்த சதையை வெட்டி எடுத்துத் தினமும் கழுவுவதாகச் சொன்னார். சில நாடுகளில் இதற்கென்றே வளர்த்த புழுவைப் புண்ணில் விடுவார்கள், அழுகியதை மட்டும் தின்னும்; வேறு சில இடங்களில் கிருமியைக் கொல்லும் வைரஸைக் கொண்டே வைத்தியம் பார்க்கிறார்கள்; அதெல்லாம் இங்கே இல்லை என்றார். “தேன் வச்சுக் கட்டுறது உண்டு. கதிர்வீச்சுல சுத்தம் பண்ணி ட்யூப்ல வரும். சொல்லியிருக்கேன், வர ஒரு வாரமாவது ஆகும்.”

“தேனா?” என்றேன். “நான் தேன்காரன் டாக்டர்.”

அவர் யோசித்தார். கடைத் தேன் வேண்டாம், அதில் வெல்லப்பாகு இருக்கும் என்றார். நீயே எடுத்த தேன் என்றால் ட்யூப் வரும்வரை வைத்துப் பார்க்கலாம் என்றார். பிறகு கதவைப் பார்த்தபடி, “சதை கறுத்து அது கணுக்காலைத் தாண்டினா முழங்காலுக்குக் கீழ எடுக்கணும். அதையும் இப்பவே சொல்லிடறேன்” என்றார்.

கால் போனால் அக்காவுக்கு என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியும். மச்சான் கடலுக்குப் போன படகு திரும்பவே இல்லை. பிள்ளை இல்லை. தினம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்துதான் அவள் உண்டாள். நடக்கும்போதுதான் அவளுக்கு நாலுபேரிடம் பேச்சும் சிரிப்பும்.

அன்றே தோட்டத்துக்குத் திரும்பினேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன் நான் எடுத்த தேன் சூடாக்காமல் இருந்தது. நல்ல அடையிலிருந்து வந்தது, சிறு கசப்புக்கூடக் கிடையாது. அதை அப்படியே ஒரு பாட்டிலில் ஊற்றி எடுத்து வந்திருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. பச்சைத் தேனில் ஈயின் காலும் சிறகும் மகரந்தமும் கிடக்கும். அழுகின புண்ணில் அழுக்கை வைப்பதா? வியாபாரத் தேனை ஒரு தடவை சூடாக்குவோம். அக்காவுக்கு என்பதால் இரண்டு தடவை, வழக்கத்தைவிட அதிக நேரம் சூடாக்கினேன். புதுத் துணியில் வடித்தேன். பாட்டிலையும் கொதிநீரில் போட்டு எடுத்தேன். நிறம் கொஞ்சம் கறுத்தது. சுத்தமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

கட்டு மாற்றும் சிஸ்டர் திருவட்டாறு பக்கம். துணியில் தேனைத் தோய்த்துப் புண்ணில் நிரப்பி மேலே பஞ்சு வைத்துக் கட்டினார். முதல் இரண்டு நாளில் வாடை குறைந்தது. பக்கத்துக் கட்டில் கிழவி மூக்கிலிருந்து முந்தானையை எடுத்தாள்.

“எறும்பு ஏறுகு பாத்தியா” என்றாள் அக்கா. கட்டில் காலடியில் எறும்பு வரிசை வந்திருந்தது. “மீன்காரியப் பலகாரமாக்கிட்டான் எனக்க தம்பி.”

“மண்டைக்காட்டுக் கோயில் கொடைக்கு ஒனக்க கால விக்கலாம் பிள்ளே” என்றாள் கிழவி. “கூறு போட்டு.”

“வாங்குகதுக்கு நீ வருவியா? பல்லு இருக்கா ஒனக்கு?”

வார்டே சிரித்தது. சிஸ்டர் கட்டில் காலுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைத்தார். அன்று அக்கா இரண்டு இட்லி கூடுதலாகத் தின்றாள். நான் அடுத்த பாட்டிலுக்குத் தோட்டத்துக்குப் போய், அதையும் அதே கவனத்தோடு காய்ச்சிக் கொண்டுவந்தேன்.

ஐந்தாம் நாள் ஊசியை நிறுத்தினார்கள். ஆறாம் நாள் கட்டு பிரித்தபோது பழைய வாடை வந்தது. ஏழாம் நாள் விரல் இடுக்கு கறுத்திருந்தது. டாக்டர் தேன் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ஏன் இவ்வளவு கறுப்பா இருக்கு?”

இரண்டு தடவை காய்ச்சினதைச் சொன்னேன். பாராட்டுவார் என்றுதான் சொன்னேன்.

அவர் என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். தேனில் தேனீ சேர்க்கும் ஒரு சரக்கு உண்டு, புண்ணின் ஈரம் பட்டால் அதுதான் கிருமியைக் கொல்லும் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உண்டாக்கும், சூடு பட்டால் அது செத்துவிடும் என்றார். அதற்காகத்தான் ட்யூப் தேனைச் சூடாக்காமல் கதிர்வீச்சில் சுத்தம் செய்கிறார்கள். “நான் கேட்டிருக்கணும். தப்பு எம்மேலயும் இருக்கு. இனிப்புக்கே கொஞ்சம் குணம் உண்டு, அதனாலதான் முதல்ல வாடை குறைஞ்சது. பச்சைத் தேன் வச்சிருந்தாலும் கால் நின்னிருக்கும்னு என்னால சொல்ல முடியாது. ரத்த ஓட்டமே குறைவு.”

முடியாது என்று மட்டும்தான் சொன்னார். நின்றிருக்காது என்று சொல்லவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் அதன்பின் நான் இருந்தேன்.

ட்யூப் ஒன்பதாம் நாள் வந்தது. அன்று காலையிலேயே கறுப்பு கணுக்காலைத் தாண்டியிருந்தது. முழங்காலுக்கு ஒரு சாண் கீழே எடுத்தார்கள். பிரிக்காத ட்யூபைச் சிஸ்டர் வேறு யாருக்காவது ஆகட்டும் என்று அலமாரியில் வைத்தார்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் மணல் ஒரு பிரச்சினை என்று தெரிந்தது. ஊன்றுகோல் சிமெண்டில் நிற்கும், மணலில் ஒரு சாண் புதையும். ஏலம் நடக்கும் இடமோ மணல். முதல் நாள் நாலு எட்டு வைத்து விழுந்தாள். எழுப்பப் போனவர்களைத் திட்டினாள். பிறகு கடல் அரிக்காமல் போட்டிருந்த கல்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, தேன் காலம் முடிந்து வந்திருந்த என்னை ஏலத்துக்கு இறக்கினாள். எனக்கு மீன் தெரியாது. அவள் மேலே இருந்து விலையைக் கத்துவாள், நான் கீழே கை தூக்குவேன். எடுத்த மீனைத் தேவாலய முக்கில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து விற்றாள். மேட்டு ஊர்ப் பெண்கள் சிலர் தேடி வந்து வாங்கினார்கள். வரவரக் குறைந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், கல்லில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது சொன்னேன். சூடாக்கக் கூடாத தேனைச் சூடாக்கிவிட்டேன், அதுதான் வேலை செய்யவில்லை, ஒருவேளை கால் தப்பியிருக்கும் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அவள் கரைக்கு வந்துகொண்டிருந்த வள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆருட்ட எல்லாம் சொல்லியிருக்க?”

“ஆருட்டயும் இல்ல.”

“சொல்லாத. பொறவு ஒனக்க தேன ஒருத்தனும் வாங்க மாட்டான், கேட்டியா.” சருவத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, “எனக்குச் சூடாக்காம அழுக்கோட தந்திருந்தா, எனக்க காலு தம்பிக்கு அருவருப்பு, அதான் ஏனோதானோன்னு தந்தான்னு நெனச்சிருப்பேன்” என்றாள்.

வள்ளம் கரை தட்டியது. “சாளை கெடக்கு. எறங்குலே, வேற ஆளு எடுத்திருவான்.”

இறங்கினேன். அன்று நான் கை தூக்கிய இரண்டு முறையும் மேலிருந்து சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவள் முந்தானையால் முகத்தை மூடி, வெட்டி மீந்த காலை மற்றொரு கையால் தடவிக்கொண்டிருந்தாள். நான் விலை தெரியாமல் நிறுத்திவிட்டேன். அந்தச் சாளை வேறு ஆளுக்குப் போயிற்று.