கல்லுக்கு ஒரு காவலர்

இலண்டன் ஸ்ட்ரெதமில் எங்கள் வீட்டின் பின்வளவில் ஒரு மரம் நின்றது. அதன் கொப்பு ஒன்று சமைக்கிற குசினியின் யன்னலை மறைத்ததால், வெட்டலாம் என்று ஏணியைச் சாத்தினேன். பக்கத்து வீட்டுக் கிழவி எலீன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, கவுன்சிலைக் கேட்டாயா என்றாள். ஏன், மரம் கவுன்சிலிலோ வேலை செய்கிறது என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. அது பாதுகாக்கப்பட்ட மரமாம். எழுதிக் கேட்டேன். ஆறு கிழமையில் பதில் வந்தது. மரத்தின் சுற்றளவு, உயரம், அது அங்கேயே நிற்கவேண்டிய காரணம் எல்லாவற்றையும் இரண்டு பக்கத்தில் விளக்கி, கொப்பைத் தொடக்கூடாது என்று முடித்திருந்தார்கள். என்னுடைய அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வர ஐந்து வருடம் எடுத்தது. அதுவும் ஒரு பக்கம்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்றைக்கு எனக்கு அந்த மரத்தின்மேல் பொறாமை வந்தது.

பொறாமைக்கு வேறு காரணமும் இருந்தது. அதே கிழமைதான் அக்காவின் கடிதம் வந்தது. எங்கள் வீடு யாழ்ப்பாணத்தில் பலாலிப் பக்கம். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் ஊர் முழுக்க எழும்பி ஓடியது; அதற்குப் பிறகு அது உயர் பாதுகாப்பு வலயம், அங்கே ஒருவரும் போக ஏலாது. வீட்டுக்கு இப்போது கூரை இல்லையாம். சுவர்க் கல்லுகளையும் பெயர்த்துக்கொண்டுபோய்ப் பங்கர் கட்டிவிட்டார்களாம். யார் என்று அக்கா எழுதவில்லை; கடிதங்களில் அதையெல்லாம் எழுதுவதில்லை. கொழும்பில் ஒருவர் காணியை விலைக்குக் கேட்கிறார், எனக்காக அவள் விற்க அதிகாரம் கொடுக்கும் அற்றோர்னித் தத்துவத்தில் நான் கையெழுத்து வைத்து அனுப்பினால் அவள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வாள். “பாக்க ஏலாத காணியை வைச்சு என்ன செய்யிறது, தம்பி?” என்று கேட்டிருந்தாள். பருத்தித்துறையில் வாடகை அறையில் மூன்று பிள்ளைகளோடு இருப்பவள் கேட்கிறாள். அவள் அனுப்பிய படிவத்தில் கையெழுத்து வைக்கவும் மனம் வரவில்லை, கிழிக்கவும் மனம் வரவில்லை. ஜாக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டு பெற்றோல் ஸ்டேசனுக்கு ஷிப்ட்டுக்குப் போய்வந்தேன்.

அப்போதுதான் மாமாவின் மகன் யோகன் போன் எடுத்தான். நோர்வேயின் வட நுனியில் மீன் தொழிற்சாலை ஒன்றில் வேலை. எதற்கெடுத்தாலும் தன் நாட்டுப் பெருமை பேசுவான். “மச்சான், ஒருக்கா வந்து பார். ஆக்களே இல்லாத நிலமடா. அரசாங்கமே காவல் வைச்சிருக்குது.”

“ஆக்களில்லாத நிலம் எங்களுக்கும் இருக்குதெல்லோ. அதுக்கும் காவல் இருக்குது” என்றேன்.

“சரி, வா” என்றான் யோகன்.

ஆடி மாதம் போனேன். ஒஸ்லோவில் குடிவரவு அதிகாரி அகதிகளுக்குக் கொடுக்கும் என் நீலநிறப் பயணப் பத்திரத்தைப் புரட்டினார். எல்லா நாடுகளுக்கும் செல்லும், இலங்கை தவிர, என்று அதில் அச்சடித்திருக்கும். அந்த இடத்தில் அவர் விரல் நின்றது. இலங்கைக்குப் போகிற எண்ணம் உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். அவர் முகம் மாறியது. இப்போது இல்லை என்று திருத்திச் சொன்னபிறகுதான் முத்திரை குத்தினார். எண்ணத்தையும் பயணத்தையும் அவர் ஒன்றாக்கிவிட்டார் போலும்.

இன்னொரு விமானம் எடுத்து வடக்கே போய் இறங்கினேன்; அங்கிருந்து யோகன் ஆறு மணித்தியாலம் கார் ஓட்டினான். பாதை முடிந்த இடத்தில் ஒரு பலகை. அதற்கு அப்பால் எதுவும் இல்லை. எதுவும் இல்லை என்றால் கல்லும் பாசியும் குளிர்ந்த ஆறும், முழங்கால் உயரத்துக்குமேல் வளராத மரங்களும். கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு மின்கம்பம்கூட இல்லை. பனிமான்கள் மேய்ந்துகொண்டு எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. கோடைக்கு ஓரிடம், பனிக்காலத்துக்கு ஓரிடம் என்று அவை போய்வருமாம், யாரும் மறிக்கமாட்டார்களாம். அழகான இடம்தான். நான் ரசித்தேன் என்று எழுதினால் பொய். என் வயிறு எரிந்தது.

நடக்கத் தொடங்குமுன் நம்மவர் பழக்கப்படி ஒரு வேலை செய்தேன். பாதையோரம் கிடந்த கல் ஒன்றைப் பெயர்த்து நிமிர்த்தி வைத்து, மஞ்சள் பூ ஒன்றைப் பிடுங்கி அதன் தலையில் வைத்தேன். பிள்ளையாராயிற்று. கும்பிட்டுவிட்டுத் திரும்பினால், பின்னால் அந்த நிலத்தின் காவலர் நிற்கிறார். வயதானவர், நல்ல மனுசர், ஆங்கிலம் நிறுத்தி நிறுத்திப் பேசினார். கல்லை நிமிர்த்தி வைத்தால் இங்கே அது வழி அடையாளம், பின்னால் வருபவர்கள் நம்பி அந்தப் பக்கம் போவார்கள் என்றார்.

அது அடையாளம் இல்லை, கடவுள் என்றேன்.

என்ன செய்கிற கடவுள் என்று கேட்டார்.

வழியில் தடை வராமல் பார்க்கிறவர் என்றேன்.

அவர் நன்றாக யோசித்துவிட்டு, “ஆனால் அந்தப் பக்கம் வழியே இல்லையே. சதுப்புத்தான் இருக்கிறது” என்றார். யோகன் மறுபக்கம் திரும்பி நின்று சிரித்தான்.

கல்லை எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னார். எங்கே எடுத்தேன் என்று எனக்கு மறந்துபோயிற்று. அவர் குனிந்து தேடிக் கண்டுபிடித்தார். பாசிக்கு நடுவே கல்லின் அளவுக்கே ஒரு குழி, இன்னும் ஈரமாக. வைத்தேன். “மறுபக்கம்” என்றார். பாசி பிடித்த பக்கம் மேலே வரவேண்டுமாம். புரட்டி வைத்தேன். கொஞ்சம் இடப்பக்கம் என்றார். அதையும் செய்தேன். கல் போய்ப் பொருந்தியது. அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

நான் அந்த இடத்திலேயே குந்திவிட்டேன். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. ஒருவரும் குடியிருக்காத நிலத்தில் ஒரு கல்லு ஒரு முழம் தள்ளிப்போனதுக்கு ஓடிவந்து கேட்க ஒரு மனுசர் இருக்கிறார். எங்கள் வீட்டுச் சுவரையே அள்ளிக்கொண்டு போனார்கள், யார் கேட்டார்?

“என்னடா, கல்லுக்குப் போய்...” என்று யோகன் தோளைத் தொட்டான்.

“கல்லுக்கு இல்லையடா. அதுக்குத் திரும்பிப்போய் இருக்க ஒரு குழி இருக்குது. நான் கையெழுத்து வைச்சால் எங்கடை கல்லுகளுக்கு அதுவும் இல்லை.”

இலண்டன் வந்ததும் படிவத்தைக் கையெழுத்து வைக்காமலே திருப்பி அனுப்பினேன். காணி கிடக்கட்டும், நீ பிள்ளைகளோடு இருக்க இன்னும் இரண்டு ஷிப்ட் கூடச் செய்து அனுப்புகிறேன் என்று எழுதினேன். அக்கா கோபத்தில் நெடுநாள் பதில் போடவில்லை. அவளைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆர்ச்வே முருகன் கோயிலுக்கு வெளிக்கிடும்போது மனைவி சாந்தி, நான் நோர்வேயில் போட்ட சப்பாத்தைத் தட்டினாள். அடிப் பள்ளத்தில் இறுகியிருந்த சின்னக் கல்லொன்று தரையில் விழுந்தது. பாசி ஒட்டியிருந்தது.

“இஞ்சேருங்கோ, இதை வெளியிலை எறியட்டோ?”

“வேண்டாம்” என்றேன். “அது அங்கத்தைய கல்லு. கொண்டுபோய் வைக்கவேணும்.”

“உதுக்காக நோர்வேக்குப் போவியளோ?” என்று சிரித்தாள்.

போகலாம். என் பத்திரத்தில் அதற்குத் தடையில்லை.