கோட்டைச்சாமியின் கோபம், அறுபது நாள்

தேனி பேருந்து நிலையத்தில் முப்பத்தோரு வருடம் டைம் கீப்பராக இருந்து ஓய்வுபெற்ற கோட்டைச்சாமி, தன் கோபம் கால் மணி நேரத்துக்கு மேல் தங்காது என்று சொல்லிவந்தார். மூன்று நாள் தங்கும் என்றாள் மனைவி சுப்புத்தாய். தோற்றவர் ‘நான் சொன்னது தப்பு’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும் எனப் பந்தயம். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில் அவர் ஒருமுறையும் அதைச் சொன்னதில்லை.

பக்கத்துத் தெரு ஹேமாவதி மதுரையில் உளவியல் ஆராய்ச்சி செய்கிறாள். அவளுடைய ஆய்வில் கோட்டைச்சாமி சேர்ந்துகொண்டார். தினமும் ஐந்து தடவை கைப்பேசி மணியடித்து, இப்போது கோபம் நூற்றுக்கு எவ்வளவு என்று கேட்கும். அறுபது நாளில் முன்னூறு பதில். ஒன்றையும் அவர் விடவில்லை. ஒரு கல்யாணப் பந்தியில், பாயசம் வரத் தாமதமானதற்கு, எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடது கையால் 12 என்று பதிந்தார்.

கடைசியில் ஹேமாவதி மடிக்கணினியோடு வந்தாள். ஒரு வேளைக் கோபத்தில் நூற்றுக்கு நாற்பது பங்கு அடுத்த வேளைக்கும் ஒட்டுகிறது என்றாள். அது இருவர் கட்சிக்கும் உதவவில்லை. இதற்கா அறுபது நாள் என்று கேட்டாள் சுப்புத்தாய்.

பெரியப்பா அறுபது நாளும் மாறாமல் ஒரே மாதிரி இருந்தார் என்று வைத்துக்கொண்டால்தான் அந்த நாற்பது என்ற ஹேமாவதி, ஒட்டுகிற பங்கே நாளுக்கு நாள் மாறலாம் என்று வைத்து வரைந்த இன்னொரு கோட்டைத் திரையில் காட்டினாள். முதல் ஐந்து வாரம் அது பத்தைச் சுற்றிப் படுத்துக் கிடந்தது. பிறகு ஏறி எண்பதைத் தொட்டது. எட்டாவது வாரம் இறங்கியது.

“பாத்தியா, பத்து,” என்றார் கோட்டைச்சாமி.

“எண்பதையும் வாசிங்க,” என்றாள் சுப்புத்தாய்.

ஏன் ஏறியது என்று கணக்கு சொல்லாதாம். கோட்டைச்சாமி தன் நாட்குறிப்பைப் புரட்டினார். முப்பத்தாறாம் நாள்: ‘மாலை 4.05. சுப்பு மயிலாடும்பாறை பஸ் ஏறினாள். ஐந்து நிமிடம் தாமதம்.’ அக்கா அக்கம்மாள் வீட்டுக்குப் போனவள் திரும்பியது ஐம்பத்தோராம் நாள். அவர் நாட்குறிப்பை மூடப் பார்த்தார். சுப்புத்தாய் நடுவில் விரலை வைத்தாள்.

அவள் இருந்தால், அவர் கோபப்பட்ட கையோடு நாலு வார்த்தை திட்டுவாள், அதோடு தீர்ந்துவிடும். திட்ட ஆளில்லாத பதினைந்து நாளில், தானே வைத்த குழம்பில் உப்புக் குறைந்த கோபம் மறுநாள் பால்காரர்மேல் விழுந்தது.

“கால் மணி நேரத்துல போனது உங்களால இல்ல, என்னாலதான். ம், சொல்லுங்க.”

கோட்டைச்சாமி ஹேமாவதியைப் பார்த்தார். அவள் திரையைப் பார்த்தாள்.

“நான் சொன்னது தப்பு.”

சுப்புத்தாய் அதை ருசித்து முடித்தாள். “அடுத்த வாரம் அக்கா மறுபடி வரச் சொல்லிருக்காக. போகவா, வேணாமா?”

“போ. போறதுக்கு முன்னாடி ஒருதரம் நல்லாத் திட்டிட்டுப் போ.”

அடுத்த வாரம் வரை சுப்புத்தாய் காத்திருக்கவில்லை, அப்போதே திட்ட ஆரம்பித்தாள். ஹேமாவதி மடிக்கணினியை மூடிவிட்டுச் செருப்பைத் தேடினாள்.