தங்க வயலில் பெயர் சொல்லாத ஓர் ஏரி

போன சனிக்கிழமை, தங்கம் பிரித்த சுரங்கக் கழிவு மலைபோல் குவிந்த சயனைடு மேடுகளைப் படம் பிடிக்கத்தான் கோலார் தங்க வயலுக்குப் போனேன். அதைப் படிக்க வந்தவர்கள் மன்னிக்கவும். வேறெங்கோ போய்க் குழம்பித் திரும்பியிருக்கிறேன்.

பெங்களூரிலிருந்து காலை ரயில். ஊரிகத்தில் இறங்கியபோது மணி 10.20, நல்ல பசி. பதினோரு கிலோமீட்டரில் ஓர் ஏரி, கரையிலேயே மீன் வறுத்துத் தருவார்கள் என்றார் ஆட்டோக்காரர். போக வர, காத்திருப்பு சேர்த்து 400 ரூபாய். (பேரம் பேசிப் பார்த்தேன், நடக்கவில்லை.)

கரையில் மீன் பிடித்து வறுத்து விற்கும் ஸ்டெல்லா அக்கா பரிசலிலிருந்து வலையை இறக்கிக்கொண்டிருந்தார். அவர் போட்டுத் தந்த வறுவல் 80 ரூபாய், அருமை. சாப்பிட்டுவிட்டு கேமராவை எடுத்தேன். ஆட்டோக்காரர் தடுத்தார். ஏரி இப்போது வெளியூர்க் குத்தகைக்காரர் கையில். மீனவர் அட்டை இல்லாமல் வலை போட்டால் வலையைப் பிடுங்கிக்கொள்வார்கள். அக்காவிடம் அட்டை இல்லை, படம் வெளியே போனால் அதுவே சாட்சியாகிவிடும் என்றார்.

அட்டை வாங்க வேண்டியதுதானே என்று மேதாவி மாதிரி கேட்டேன். அக்காவின் அப்பா சுரங்கத்தில் இருந்தவர், ஷிஃப்ட் இல்லாத நாளில் இங்கே வலை போட்டவர். சுரங்கம் மூடிய பிறகு ஏரிதான் சோறு போடுகிறது. ஆனால் வீட்டுக் காகிதம் எல்லாவற்றிலும் ‘சுரங்கத் தொழிலாளி’ என்றே இருக்கிறது. மீன்பிடிப்பதற்கு ஆதாரம் கொண்டுவா என்கிறார்களாம் மீன்வளத் துறை அலுவலகத்தில். மனு கொடுக்கத் திங்கட்கிழமை கடைசி நாள்.

“வலை போட்டதுக்கு அத்தாட்சி இருந்தாத்தான் கார்டு. கார்டு இல்லாம வலை போட்டா குத்தம். நான் இன்னா சார் பண்றது?” என்றார் அக்கா.

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான். எனக்குத் தலை சுற்றியது. கேமராவைப் பைக்குள் வைத்தேன். அக்கா வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, பின்னால் ஏரி தெரிய நின்றார்.

“எடுங்க சார். மூஞ்சி நல்லா தெரியட்டும்.”

ஊருக்குள் திரும்பி, ராபர்ட்சன்பேட்டையில் மனுவோடு ஆதாரமாக வைக்க இரண்டு பிரதி போட 60 ரூபாய். ஆட்டோக்காரரிடம் கொடுத்தனுப்பினேன். உதவினேனா, மாட்டிவிட்டேனா என்று ரயில் முழுக்க யோசித்தும் பிடிபடவில்லை. பயமாகத்தான் இருந்தது.

போக நினைப்பவர்கள் மதியத்துக்குள் போய்விடுங்கள், பிறகு மீன் இருக்காது. சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். யாரையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். ஏரியின் பெயரையும் அக்காவின் படத்தையும் நான் இங்கே போடவில்லை, ஸ்டெல்லா என்பதும் மாற்றிய பெயர்தான்.

திங்கள் மாலை ஆட்டோக்காரருக்குப் போன் செய்தேன். மனுவை வாங்கிக்கொண்டார்களாம். படத்தையும் வாங்கி வைத்துக்கொண்டார்களாம். அட்டைக்கான ஃபைலிலா, குற்றத்துக்கான ஃபைலிலா, எதில் வைத்தார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை.