ஓசூரா, கிருஷ்ணகிரியா?

வாடகைக்கு இடம் தேடி ஒருவன் ஊருக்குள் நுழைந்துவிட்டால் போதும், அன்று சாயங்காலத்துக்குள் அந்த ஊரில் பூட்டிக் கிடக்கும் கட்டடங்களுக்கெல்லாம் வாடகை ஏறிவிடும். செருப்புத் தேயத் தேய வீடு தேடி அலைந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் உங்களுக்காக அலைந்தீர்கள், நான் சம்பளத்துக்கு அலைந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

அறுபதுகளின் கடைசி. சேலத்தில் ஒரு லாரி கம்பெனியில் இருந்தேன். பெங்களூர் ரோட்டில் ஒரு கிளை திறக்க வேண்டும், ஓசூரிலா கிருஷ்ணகிரியிலா என்று இரண்டு ஊரையும் பார்த்து வந்து சொல்லுங்கள் என்று முதலாளி என்னையும் ஆரோக்கியசாமியையும் அனுப்பினார். எந்த ஊரில் திறந்தாலும் கிளைக்குப் பொறுப்பு ஆரோக்கியசாமிதான். எனக்கு எந்த ஊரானாலும் ஒன்றுதான். அவனுக்கு அப்படி இல்லை என்பது போன பிறகுதான் தெரிந்தது.

மூன்று வாடகை

ஒரே கட்டடத்தை இரண்டு பேரும் தனித்தனியாகப் போய்க் கேட்பது எங்கள் வழக்கம். ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் முனியப்பா என்பவரின் கட்டடம். முன்னால் பெரிய கூடம், பின்னால் இரண்டு அறை, லாரி திரும்ப இடம். காலையில் ஆரோக்கியசாமி போய்க் கன்னடத்தில் கேட்டான். மத்தியானம் நான் போய்த் தமிழில் கேட்டேன். எனக்குச் சொன்ன வாடகை அவனுக்குச் சொன்னதைவிட நன்றாகவே குறைச்சல்.

மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்து போய் நின்றோம். மனுஷர் கொஞ்சம்கூட அசரவில்லை. எங்களுக்கு மோர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "கன்னடத்துல கேட்டா பெங்களூர் பார்ட்டி. தமிழ்ல கேட்டா சேலம் பார்ட்டி. தெலுங்குல கேட்டிருந்தீங்கன்னா நம்ம வூட்டு ஆளு, அதுக்கு வேற ரேட்டு சாமி."

மாங்காய்க்கு முன்னுரிமை

கிருஷ்ணகிரியில் வாடகை மலிவு. காதர் பாயின் மாங்காய் மண்டிக் கட்டடம் எனக்கு ரொம்பவே பிடித்துவிட்டது. உயரமான கூரை, நல்ல காற்று, வாசலிலேயே கிணறு. எல்லாம் பேசி முடித்து எழுந்த பிறகுதான் பாய் ஒரு சின்ன விஷயம் என்று ஆரம்பித்தார். மாங்காய் சீசனில் மட்டும் கூடத்தை அவருக்கு விட்டுவிட வேண்டுமாம். நாங்கள் மேசை நாற்காலியோடு வராந்தாவுக்குப் போய்விட வேண்டுமாம்.

"சீசன் முழுக்க ஆபீஸ் வராந்தாவிலா பாய்? பில், ரசீது எல்லாம் மழையில் நனையாதா?" என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"காயிதம் நனைஞ்சா காய வச்சுக்கலாம் தம்பி. மாங்கா அழுவிப் போச்சுன்னா என்னா பண்ணுவீங்க?"

ஆறு மணி வரைக்கும்தான்

ஓசூரில் தங்கியிருந்த நாட்களில், மத்தியானம் ஆனதும் ஆரோக்கியசாமி பெங்களூர் பஸ் ஏறிவிடுவான். இருட்டிய பிறகுதான் திரும்புவான். எனக்குக் கோபம் வந்தது. எங்கேதான் போகிறான் பார்ப்போம் என்று ஒரு நாள் நானும் கூடவே ஏறிவிட்டேன். பெங்களூரில் அவன் ஒரு ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, உள்ளே நீளமான வார்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். கட்டிலில் அவன் மனைவி லூர்து மேரி படுத்திருந்தாள். டி.பி. வந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. வேலை போய்விடுமோ என்று கம்பெனியில் யாரிடமும் அவன் மூச்சு விடவில்லை.

சேலத்திலிருந்து அவனால் எப்போதாவதுதான் வர முடிந்தது. கிளை ஓசூரில் அமைந்தால் தினமும் சாயங்காலம் வந்து பார்த்துவிட்டுப் போகலாம். கிருஷ்ணகிரி என்றால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். ஊரைப் பற்றி அவன் ஏன் அப்படிப் பேசினான் என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது. லாரிக்காரர்கள், டீக்கடைக்காரர், முதலாளி என்று ஒருத்தரையும் விடாமல் ஓசூர் போல ஊர் உண்டா என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஆறு மணி ஆனதும் மணி அடித்து எல்லோரையும் வெளியே போகச் சொன்னார்கள். லூர்து என்னை மட்டும் கை காட்டி நிறுத்தினாள்.

"வாடகை கூடன்னு ஓசூரைத் தள்ளிறாதீங்கண்ணே. இவரு வந்துட்டுப் போனாத்தான் எனக்கு ரெண்டு வாய் சோறு எறங்குது."

முதலில் மணி அடித்தது யார்?

இரண்டு ஊருக்கும் உள்ள நல்லது கெட்டதை முதலாளியிடம் சொன்னோம். ஓசூரில் வாடகை அதிகம், கிருஷ்ணகிரியில் மாங்காய். அவருக்கு முடிவெடுக்க முடியவில்லை. கடைசியில் அவரே ஒரு பரீட்சை வைத்தார். லாரி கம்பெனிக்கு டெலிபோன்தான் உயிர். ஒரே நேரத்தில் நான் கிருஷ்ணகிரித் தபாலாபீசிலிருந்தும் ஆரோக்கியசாமி ஓசூர்த் தபாலாபீசிலிருந்தும் சேலத்துக்கு டிரங்கால் போட வேண்டும். எந்த ஊர் முதலில் கிடைக்கிறதோ அந்த ஊரில் கிளை.

எனக்குக் கொஞ்ச நேரத்திலேயே லைன் கிடைத்துவிட்டது. கிடைக்கக் கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தேன். ஆனால் போனை எடுத்தவர் கணக்குப்பிள்ளை. முதலாளி அப்போதுதான் குளிக்கப் போயிருந்தார். அவர் குளித்து, திருநீறு பூசி, நாற்காலியில் வந்து உட்கார்ந்தபோது ஓசூர் லைன் வந்தது. கிருஷ்ணகிரிதான் முன்னால் பேசியது என்று கணக்குப்பிள்ளை எடுத்துச் சொல்லியும் அவர் கேட்கவில்லை. அன்றைக்கு அந்தக் குளியலுக்கு நான் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

"அது உங்கிட்டப் பேசின ஊருப்பா. எங்கிட்ட மொதல்ல பேசினது ஓசூருதான்."

பின்னால் இரண்டு அறை

முனியப்பா கட்டடத்தில் கிளை திறந்தோம், தமிழ் வாடகைக்கே. ஆரோக்கியசாமி தினமும் சாயங்காலம் பஸ் ஏறினான். அவன் முகத்தில் சிரிப்பை நான் பார்த்தது அந்தக் கொஞ்ச நாட்களில்தான். அதற்குள் ஆஸ்பத்திரியில், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வீடு என்றால் அவனுக்கு எது? ஆபீசுக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகள்தான். சுண்ணாம்பு அடித்தான், ஜன்னலுக்குத் திரை தைத்து மாட்டினான்.

அதைப் பார்த்து முனியப்பா விசாரித்தார். ஆரோக்கியசாமிக்குப் பொய் சொல்ல வரவில்லை. ஒரே காம்பவுண்டு, ஒரே கிணறு. முனியப்பாவின் மருமகள் அப்போது மாசமாக இருந்தாள். அவரைத் திட்ட எனக்கும் வாய் வரவில்லை, ஏனென்றால் சொல்லும்போது அவரே அழுதுவிட்டார்.

"ஆபீசுக்குத்தான் வுட்டேன் சாமி, ஆஸ்பத்திரிக்கு வுடல. மாசமா இருக்கற புள்ளய வச்சிக்கிட்டு நான் என்னா பண்ணுவேன்?"

லாரியில் போனவள்

ஓசூரில் வேறு யாரும் இடம் தரவில்லை. லூர்துவுக்குப் போக இருந்தது அவள் அம்மா வீடு ஒன்றுதான். அது கிருஷ்ணகிரியில் இருந்தது. எந்த ஊர் வேண்டாம் என்று அத்தனை நாள் மன்றாடினானோ, அந்த ஊருக்கே அவளைக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. தன்னை அங்கே மாற்றச் சொல்லி அவன் முதலாளியிடம் கேட்டான். இப்போதுதானே ஓசூரில் கிளை திறந்தோம், கிருஷ்ணகிரியில் நமக்கு என்ன இருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டார். மறுபடி ஞாயிற்றுக்கிழமை பஸ்தான். அவள் இறந்தது ஒரு புதன்கிழமை. சொல்லி அனுப்பி அவன் போய்ச் சேருவதற்குள் கண்ணை மூடிவிட்டாள்.

அவளை அனுப்பிய நாள்தான் என்னை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. எங்கள் லாரியில்தான் டிரைவர் பக்கத்தில் மெத்தை போட்டு உட்கார வைத்தோம். வேலையை விட்டுவிட்டு நானும் வந்துவிடுகிறேன் என்று ஆரோக்கியசாமி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் மெதுவாக அவன் விரல்களை எடுத்துவிட்டாள்.

"நீங்க ஓசூர்லயே இருங்க. அத்தினி பேருகிட்ட சொல்லி வாங்கின ஊரு, வுட்டுட்டு வந்தா நல்லா இருக்காது."

இரண்டு ஊரையும் வாடகை, தண்ணீர், டெலிபோன் என்று அலசி ஆராய்ந்து நாங்கள் சரியான ஊரைத்தான் தேர்ந்தெடுத்தோம் என்று முதலாளி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார், லாரிகளைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட.